இங்க

பத்தலப்பல்லி மலைப்பாதையில்
கடைசி வளைவு தாண்டினால்
கைப்பேசி ஒருமுறை அதிரும்:
வேறு மாநிலம், நல்வரவு.
நான் வெளியூர் போனதற்கு
இதைவிட்டால் சாட்சி கிடையாது.
பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருஷம்.
அதிலிருக்கும் என் முகம்
எங்கேயும் போகாமலே வெளுத்துவிட்டது.

பாலில் கொழுப்பு அளக்கும் மிஷினைப்
பழுது பார்ப்பது என் வேலை.
வி.கோட்டா பால் நிலையத்தில் அன்றைக்கு
எருமைக்கும் பசுவுக்கும்
ஒரே எண் காட்டிக்கொண்டிருந்தது அது.
உதிரி பாகம் சாயங்கால பஸ்ஸில்தான் வரும்.
மணி பன்னிரண்டே கால்.

பஸ் நிலையத்துக்கு எதிரே
போர்டு வைத்த ஓட்டல்கள் மூன்று.
ஒன்றில் கண்ணாடிக்குள் நேற்றைய போண்டா.
இன்னொன்றில் மெனு நாலு பக்கம்,
நூடுல்ஸ் உட்பட,
சாப்பிடத்தான் ஆளில்லை.
மூன்றாவதைப் பார்க்கவில்லை.
எனக்கொரு விதி உண்டு:
மூட்டை தூக்குகிறவர்கள்
எங்கே கை கழுவுகிறார்களோ அங்கே உட்கார்.
அல்தாப் நம்பமாட்டான்.
போனில் நட்சத்திரம் எண்ணிவிட்டுப்
பசிக்கிறவன் அவன்.

தக்காளி மண்டிக்குப் பின்புறம்
நசுங்கிய பழத்தில் செருப்பு வழுக்க
ஈக்களும் நானும்
ஒரே திசையில் போனோம்.
தகரக் கொட்டகை.
ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பழைய டயர் விளம்பரம்.
தண்ணீர் டிரம்மைச் சுற்றிப்
பதினோரு பேர்.

"எந்தக் கறி இருக்கு?"
"எனபை" என்றாள் ரெட்டெம்மா.
காடை மாதிரி ஏதோ
பறவை என்று நினைத்து
ஒன்று வைக்கச் சொன்னேன்.

வந்தது சங்கட்டி.
கேழ்வரகுதான், ஆனால் நம் களி இல்லை:
உள்ளே சோற்றுப் பருக்கை ஒளிந்த உருண்டை,
உச்சியில் பெருவிரல் அழுத்திய குழி,
குழி நிறைய நெய்.
பக்கத்தில் நாட்டுக்கோழிப் புலுசு.
வேர்க்கடலையும் மிளகாயும் தட்டிய
ஊருபிண்டியின் காரம்
நாக்குக்கு முன்னால் காதில் ஏறியது.
மெல்லாதே, விழுங்கு என்று
எதிரே இருந்தவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

குழம்போடு வந்தாள்.
உருண்டை மேல் வேண்டாம், ஓரத்தில் என்று
விரல் வைத்து "இங்க" என்றேன்.
ஊற்றினாள். மறுபடியும் ஊற்றினாள்.
ஊருபிண்டி வந்தது. "இங்க."
ஒரு கை அள்ளி வைத்தாள்.
இரண்டாவது உருண்டையும் வந்துவிட்டது.
பதறிப்போய்
"இங்க வேணாம்" என்றேன்.
"இங்க" வரைக்கும்தான் கேட்டாள்.

மூன்றாவதன் பாதியில்
பக்கத்து இலை வெங்கட்ரமணப்பா,
ஆம்பூர் தோல் ஷாப்பில் ஒரு வருஷம் இருந்தவர்,
புரையேறிச் சிரித்தார்.
"சார், எங்க பேச்சுல
இங்க-ன்னா இன்னும்."
"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"
"நல்லா சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க."

கொட்டகையே சிரித்தது.
ரெட்டெம்மா மட்டும் கரண்டியோடு நின்று யோசித்து
அவரிடம் என்னவோ கேட்டாள்.
"அப்ப உங்க ஊர்ல
இன்னும் வேணும்னா எப்படிக் கேப்பாங்கன்னு
கேக்குது சார்."
எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.
நாங்கள் பெரும்பாலும்
தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

காசு கொடுக்கும்போது புரிந்தது
எனபை பறவையல்ல, எண்பது ரூபாய்.
என் 'எந்த' அவளுக்கு 'எவ்வளவு'.
கூடுதல் உருண்டை இரண்டுக்கு முப்பது.
சிரிப்புக்குத் தள்ளுபடி இல்லை.

சாயங்காலம் பாகம் வந்து
எருமை வேறு பசு வேறு ஆனது.
அல்தாபுக்கு வழி சொன்னேன்:
மண்டிக்குப் பின்னால், ஈ போகும் திசை.
அடுத்த வாரம் போனவன்
அப்படியொரு கொட்டகையே இல்லை என்கிறான்.
நூடுல்ஸ் சாப்பிட்டானாம்.

அன்றிரவு வீட்டில்
திலகா தோசைக்கல்லிலிருந்து திரும்ப,
பழக்கதோஷம், "இங்க" என்றேன்.
ஒரு தோசையை
இங்கேயே வைத்துவிட்டு
அடுப்பை அணைத்தாள்.